விதையை நம்பி நிற்கும் பூ: கிரெய்கி துலிப்பும் மேற்குத் தியான் ஷான் சரிவுகளும்

தோட்டத்து துலிப்பின் குமிழம் ஒன்றை மண்ணில் ஊன்றினால் கோடைக்குள் அது இரண்டாகவோ மூன்றாகவோ பெருகிவிடும். ஹாலந்தின் துலிப் வணிகம் வளர்ந்ததே இந்தப் பெருக்கத்தை நம்பித்தான். மேற்குத் தியான் ஷான் மலைகளில் தானாக வளரும் கிரெய்கி துலிப்புக்கு அந்த வழி ஏறக்குறைய இல்லை. அதன் குமிழம் ஆண்டுதோறும் தன்னைக் கரைத்துக்கொண்டு, தன் இடத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு புதுக் குமிழத்தை வைத்துவிட்டுப் போகிறது. எண்ணிக்கை கூட வேண்டுமென்றால் பூ காயாக வேண்டும். காய் வெடித்து விதை சிந்த வேண்டும். விதையிலிருந்து வந்த நாற்று பல ஆண்டுகள் மண்ணுக்குள் தாக்குப்பிடிக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் சரிவில் பூ குறையும்.

காட்டுத் தாவரங்களைக் காப்பது பற்றிப் பேசும்போதெல்லாம், நாலு செடியை எடுத்துத் தோட்டத்தில் வைத்துவிட்டால் இனம் பிழைத்துவிடும் என்ற எண்ணம் எளிதில் தலைகாட்டுகிறது. கிரெய்கி துலிப்பின் வாழ்க்கையை ஊன்றிப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. பனி உருகும் காலம், மழை நிற்கும் காலம், மந்தைகள் கடந்து போகும் காலம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிற சரிவுதான் இந்தச் செடியின் வீடு. அந்தக் கால ஒழுங்கைக் காக்காமல் செடியை மட்டும் காக்க முடியாது.

மலை முடியும் இடம்

சீனத்திலிருந்து மேற்கே நீண்டு வரும் தியான் ஷான் மலைத்தொடர், கசகஸ்தான், கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளும் சந்திக்கும் பகுதியில் கிளைகளாகப் பிரிந்து தாழ்ந்து, வறண்ட சமவெளியில் முடிகிறது. தலாஸ் அலதாவ், உகாம், சத்கால் ஆகியவை அந்தக் கிளைகளில் சில. வடமேற்கே, சிர் தரியா ஆற்றை ஒட்டியபடி கரதாவ் என்ற தாழ்ந்த மலைவரிசை ஓடுகிறது. கிரெய்கி துலிப்பின் தாயகம் இந்த நிலம்தான். அடிவாரக் குன்றுகளில் தொடங்கி ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம் வரை, களிமண்ணும் கல்லும் கலந்த வெயில் படும் சரிவுகளில் அது வளர்கிறது.

தாவரவியலார் 2013இல் துலிப் பேரினத்தை முழுமையாக மறுபரிசீலனை செய்து 76 இனங்களை ஏற்றார்கள். அதன் பிறகும் புதிய இனங்கள் விவரிக்கப்பட்டு வருகின்றன. இவற்றில் பெரும்பங்கு தியான் ஷான், பாமிர்-அலாய் மலைகளைச் சுற்றியே இருக்கிறது. கசகஸ்தானில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஐரோப்பாவின் பூ என்று உலகம் நினைக்கும் துலிப், இயற்கையியலாளர் கான்ராட் கெஸ்னர் 1559இல் ஆக்ஸ்பர்க் நகரத்துத் தோட்டமொன்றில் அதைக் கண்டு எழுதுவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே இந்தச் சரிவுகளில் கிளைத்துப் பெருகியிருந்தது.

இங்கே மழையும் பனியும் பெரும்பாலும் நவம்பர் முதல் மே வரைதான். குளிர்காலத்தில் சரிவைப் பனி மூடுகிறது. மார்ச்சில் அது உருகி மண் நிறைய ஈரத்தைத் தருகிறது. ஏப்ரலிலும் மேயிலும் வசந்த மழை பெய்கிறது. ஜூனிலிருந்து வானம் வறண்டுவிடும். அடிவாரத்தில் வெயில் 40 பாகை வரை ஏறும், புல் காய்ந்து பழுப்பாகும். ஆக, ஒரு செடிக்கு ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்து கிடைப்பது ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே. துலிப்பின் உடலமைப்பு முழுவதும் அந்தச் சில வாரங்களுக்காக உருவானது.

அந்த வாரங்களில் துலிப் தனியாகப் பூப்பதில்லை. நீலப் பூ தரும் இக்ஸியோலிரியான், ஆளுயரக் கதிர் விடும் எரிமூரஸ், பல வகை ஐரிஸ்கள் எல்லாம் ஒன்றை அடுத்து ஒன்றாக எழுகின்றன. பள்ளத்தாக்குகளில் காட்டு ஆப்பிள் மரங்கள் பூக்கின்றன. இன்று உலகம் உண்ணும் ஆப்பிளின் முன்னோரான மாலஸ் சீவெர்சி என்ற இனம் அது. அதற்கும் மேலே, உள்ளூர் மக்கள் அர்ச்சா என்று அழைக்கும் ஜூனிபர் மரக்காடு தொடங்குகிறது.

பெயர் வந்த வழி

ருசியப் பேரரசு 1865இல் தாஷ்கெண்ட் நகரைப் பிடித்தது. 1867இல் துர்கெஸ்தான் ஆளுநர் ஆட்சிப்பகுதி உருவானது. படைகளின் பின்னால் நில அளவையாளர்களும் இயற்கையியலாளர்களும் மலையேறினார்கள். அலெக்ஸி பெட்சென்கோவும் அவர் மனைவி ஓல்கா பெட்சென்கோவும் அவர்களில் முதன்மையானவர்கள். இப்படிச் சேர்ந்த உலர் மாதிரிகளும் குமிழங்களும் புனித பீட்டர்ஸ்பர்க் அரசுத் தாவரவியல் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கிருந்த தாவரவியலாளர் எட்வர்ட் ரெகல், தாம் தொடங்கிய கார்ட்டன்ஃப்ளோரா இதழில் 1873இல் இந்தச் செடியைத் துலிப்பா கிரெய்கி என்ற பெயரில் விவரித்தார். ருசியத் தோட்டக்கலைச் சங்கத்தின் தலைவராக இருந்த சாமுவேல் கிரெய்கைச் சிறப்பிக்க வைத்த பெயர் அது. கிரெய்க் பின்னர் நிதியமைச்சராகவும் இருந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து ரெகல் விவரித்த இன்னொரு மலைத் துலிப், துர்கெஸ்தான் ஆளுநர் காஃப்மனின் பெயரைப் பெற்றது. ஆட்சி போன வழியே அறிவியலும் போனது என்பதற்கு இந்த இரு பெயர்களும் சான்று.

அந்த வழியில் குமிழங்களும் வெளியேறின. ஐரோப்பியத் தோட்டக்காரர்களுக்காக மலைகளில் குமிழம் தோண்டுவது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஒரு தொழிலாகவே நடந்தது. வசந்தம் பிறந்ததும் அடிவாரத்துக்குப் போய்ப் பூவைக் கைநிறையப் பறித்து வருவது அதைவிடப் பரவலான வழக்கம். அது இன்னும் முழுதாக ஓயவில்லை.

ஓர் ஆண்டின் வரவு செலவு

பூத்து நிற்கும் செடி முழங்காலுக்குக் கீழேதான் நிற்கும். சாம்பல் படிந்த பச்சையில் மூன்று நான்கு அகன்ற இலைகள், ஓரம் அலையலையாக மடிந்து, கிட்டத்தட்ட தரையோடு படிந்திருக்கும். இலையின் மேற்பரப்பில் நீளவாக்கில் கருஞ்சிவப்புக் கோடுகளும் புள்ளிகளும் ஓடும். பூவில்லாத நாளிலும் கிரெய்கியை அடையாளம் காட்டுவது இந்தக் கோடுகள்தான். தண்டைத் தொட்டால் மெல்லிய ரோமம் விரலில் படும். உச்சியில் ஒற்றைப் பூ. பெரும்பாலும் கடுஞ்சிவப்பு, சில இடங்களில் ஆரஞ்சு அல்லது மஞ்சள். பெரிய பூவாக இருந்தால் உள்ளங்கையை மூடிவிடும். உள்ளே அடிப்பகுதியில் கருந்திட்டுகள் இருக்கும்.

காலையில் வெயில் ஏற ஏறப் பூ விரிகிறது, மாலையில் மூடுகிறது. வெப்பம் கூடும்போது இதழின் உட்புறச் செல்கள் விரைந்து நீள்கின்றன. குளிரும்போது வெளிப்புறச் செல்கள் விரைந்து நீள்கின்றன. இப்படி ஒவ்வொரு நாளும் திறந்து மூடுவதால் இதழ்களும் நாளுக்கு நாள் சற்றுப் பெரிதாகின்றன. ஏப்ரல் இரவில் மலையில் உறைபனி விழுவது சாதாரணம். மூடிய இதழ்கள் மகரந்தத்தை ஈரத்திலிருந்து காக்கின்றன. துலிப் பூக்களில் பெரும்பாலானவற்றில் தேன் இல்லை. வரும் தேனீக்களுக்கும் வண்டுகளுக்கும் மகரந்தமே உணவு. துலிப்கள் பெரும்பாலும் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை. ஆகவே காய் பிடிக்க வேண்டுமானால் பக்கத்தில் இன்னொரு செடி பூத்திருக்க வேண்டும்.

மண்ணுக்குள் இதே நாட்களில் வேறொரு வேலை நடக்கிறது. குளிரில் குமிழத்தின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, தண்டையும் பூவையும் மேலே தள்ளியிருக்கிறது. அந்தச் சேமிப்பு தீர்ந்து பழைய குமிழம் சுருங்கும்போது, அதன் அடித்தட்டில் புதுக் குமிழம் பருக்கத் தொடங்குகிறது. அதற்கு உணவு தருபவை அந்த மூன்று நான்கு இலைகள்தான். இலை உதிர்ந்துவிட்டால் அந்த ஆண்டு வேறு இலை வராது. மே முடிவில் இலைகள் காய்ந்துபோவதற்குள் சேர்த்தது எவ்வளவோ, அடுத்த ஆண்டுச் செடி அவ்வளவே.

கோடையில் மேலே எதுவும் தெரியாது. ஆனால் புதுக் குமிழத்துக்குள் அடுத்த வசந்தத்தின் இலைகளும் பூமொட்டும் அந்த வறண்ட மாதங்களில்தான் உருவாகின்றன. இலையுதிர்காலத்தில் வேர் இறங்குகிறது. பிறகு நீண்ட குளிர் வேண்டும். வாரக்கணக்கில் அந்தக் குளிர் கிடைக்காவிட்டால் தண்டு நீளாது, மொட்டு உள்ளேயே கருகும். நம் வேலிகளில் ஏறும் செங்காந்தளும் இதே லிலியேல்ஸ் வரிசையைச் சேர்ந்ததுதான். அதுவும் வறண்ட காலத்தைக் கிழங்காக மண்ணுக்குள் கழித்து மழை கண்டு முளைக்கிறது. காந்தளுக்கு மழை தரும் அழைப்பை துலிப்புக்குத் தருவது கடுங்குளிர். இரண்டு செடிகளும் தத்தம் நிலத்தின் பருவத்தை உடலில் எழுதி வைத்திருக்கின்றன. அந்தப் பருவம் தவறினால் இரண்டுக்கும் மாற்று வழி கிடையாது.

விதையிலிருந்து பூவரை

ஜூனில் காய் காய்ந்து மூன்றாகப் பிளக்கிறது. உள்ளே மூன்று அறைகள், அறைக்கு இரண்டு வரிசையாகத் தட்டையான பழுப்பு விதைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். விறைத்த தண்டைக் காற்று ஆட்டும்போது அவை கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்துகின்றன. பெரும்பாலானவை தாய்ச்செடிக்கு அருகிலேயே விழும். துலிப் வெகுதூரம் பரவும் செடி அன்று. ஒரு சரிவில் அழிந்தால் பக்கத்துச் சரிவிலிருந்து விதை வந்து சேரப் பல தலைமுறைகள் ஆகும்.

குளிர்காலம் கழித்து விதை முளைக்கிறது. முதல் ஆண்டு மேலே வருவது வெங்காய நாற்றைப் போன்ற ஒரே ஒரு மெல்லிய இழை. துலிப் என்று அதைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. சில வாரங்களில் அது காய்ந்துபோகும்போது மண்ணுக்குள் மிளகளவு குமிழம் ஒன்று மிஞ்சும். அடுத்த ஆண்டு ஓர் இலை. அதற்கடுத்த ஆண்டும் ஓர் இலை, சற்றே அகலமாக. பூக்கும் வயது வராத துலிப்புக்கு எப்போதும் ஒற்றை இலைதான். அதனால் ஒரு சரிவில் துலிப் நிலைத்திருக்கிறதா என்று அறிய விரும்புபவர் பூக்களை மட்டும் எண்ணினால் போதாது, இந்த ஒற்றை இலைகளைத் தேடி எண்ண வேண்டும். ஒற்றை இலைகள் இல்லாமல் பூக்கள் மட்டும் நிறைந்த சரிவு, முதியவர்கள் மட்டும் வாழும் ஊராகிவிட்டது என்று பொருள்.

இந்த இளமைக் காலத்தில் குமிழம் இன்னொரு செயலையும் செய்கிறது. பழைய குமிழத்திலிருந்து குழாய் போன்ற ஒரு நீட்சி கீழ்நோக்கி வளர்கிறது. அதன் நுனியில் புதுக் குமிழம் உருவாகிறது. மண்ணின் மேல்மட்டத்தில் முளைத்த விதை இப்படி ஆண்டுக்கு ஆண்டு கீழே இறங்கி, கடைசியில் ஒரு சாண் ஆழத்தையும் தாண்டிவிடுகிறது. அந்த ஆழத்தில் கோடை வெப்பமும் உறைபனியும் அவ்வளவாக எட்டாது. மண்ணைக் கிளறும் விலங்குகளின் மூக்கும் எளிதில் எட்டாது.

அந்த விலங்குகளில் காட்டுப்பன்றியும் உண்டு, நம் ஊர்க் காடுகளில் திரியும் அதே இந்திய முள்ளம்பன்றியும் உண்டு. அதன் பரவல் தென்னிந்தியாவிலிருந்து நடு ஆசியா வரை நீள்கிறது. முள்ளம்பன்றி குமிழங்களைத் தின்றாலும் அதன் உறவு முழுதும் பகையானதில்லை. மேற்காசியாவின் நெகேவ் மேட்டுநிலத்தில் முள்ளம்பன்றி தோண்டிய குழிகளை ஆராய்ந்தபோது, அந்தக் குழிகளில் மழைநீரும் விதைகளும் சேர்ந்து நாற்றுகள் செழித்தது தெரிந்தது. அங்கேயும் குமிழத் தாவரங்கள்தான் அதன் இரை. தின்பவனும் விதைப்பவனும் ஒரே விலங்காக இருக்கும் இந்த ஏற்பாடு, காலம் காலமாக அளவோடு நடந்ததால் நிலைத்தது.

விதை விழுந்ததிலிருந்து முதல் பூ வரை தோட்டத்தின் கவனிப்பிலேயே ஐந்து ஆறு ஆண்டுகள் ஆகும். காட்டில், வறண்ட வசந்தங்களையும் தாண்டி வர வேண்டியிருப்பதால் அதைவிடக் கூடுதலாகும். தாஷ்கெண்டில் துலிப்களைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த சினைடா பொச்சாந்த்சேவா 1962இல் வெளியிட்ட நூல், இந்த மெதுவான வாழ்க்கைச் சுற்றை அறிய இன்றும் அடிப்படை நூல்.

மூன்று நெருக்கடிகள்

முதல் நெருக்கடி பறிப்பு. ஒரு பூவைப் பறித்தால் குமிழம் மண்ணில்தானே இருக்கிறது, அடுத்த ஆண்டு பூக்கும்தானே என்று தோன்றும். பூவோடு தண்டும், தண்டில் ஒட்டிய இலைகளும் போய்விடுகின்றன. அதனால் அடுத்த ஆண்டுக்கான சேமிப்பும் போகிறது, அந்த ஆண்டின் விதை முழுவதும் போகிறது. குமிழத்தால் பெருக முடியாத இனத்துக்கு ஒரு பூங்கொத்து என்பது ஒரு தலைமுறையின் இழப்பு. அருகிவரும் உயிரினங்களைப் பட்டியலிடும் கசகஸ்தானின் சிவப்புப் புத்தகத்தில் கிரெய்கி துலிப் இடம்பெற்றிருப்பதும், அதைப் பறிப்பதற்குத் தடை இருப்பதும் இதனால்தான்.

இரண்டாவது மேய்ச்சல். குளிர்காலத்தை ஊருக்கு அருகே கழித்த மந்தைகள் வசந்தத்தில் உயர்மலை மேய்ச்சல் நிலங்களுக்கு ஏறுவது இந்த நாடுகளின் பழைய வழக்கம். கசக்கியர் அந்த நிலத்தை ஜைலாவ் என்பார்கள், கிர்கிசியர் ஜைலூ என்பார்கள். மந்தைகள் ஏறும் வழி அடிவாரக் குன்றுகள் வழியாகத்தான் போகிறது. வேகமாகக் கடந்து போனால் துலிப்புக்குப் பெரிய கேடில்லை. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு, மந்தைகளைத் தொலைவுக்குக் கொண்டுபோக உதவிய வாகனங்களும் கூட்டுப்பண்ணை அமைப்பும் இல்லாமல் போயின. தனித்தனிக் குடும்பங்களின் கால்நடைகள் ஊரைச் சுற்றிய சரிவுகளிலேயே மாதக்கணக்கில் நின்றன. உயர்நிலம் வெறுமையாகக் கிடக்க, அடிவாரம் மொட்டையானது. துலிப் இலை விட்டிருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் மந்தை அதே இடத்தில் நின்றால், இலையும் காயும் மேயப்படும். மெல்லிய முதல் ஆண்டு நாற்றுகள் குளம்பில் நசுங்கும்.

இதற்கு மேய்ச்சலை அடியோடு நிறுத்துவது விடையாகாது. மலை மக்களின் பிழைப்பு மந்தையில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மேயப்பட்ட நிலத்தில் மேய்ச்சல் நின்றால் உயரமான புல்லும் சருகும் அடர்ந்து, ஒளி தேடும் சிறு நாற்றுகளை மூடிவிடும். வேண்டியது கால ஒழுங்கு. காய் வெடித்த பிறகு, ஜூன் கடைசியிலிருந்து மேய்ந்தால் விதைக்குத் தீங்கில்லை. எந்தச் சரிவு எந்த வசந்தத்தில் ஓய்வெடுக்கும் என்று ஊரே கூடி முடிவு செய்து சுழற்சி வைத்தால் புல்லும் திரும்பும், துலிப்பும் திரும்பும்.

மூன்றாவது வெப்பம். குளிர்காலம் சுருங்கினால் தண்டு நீளத் தேவையான குளிர் குறைகிறது. பனி முன்னதாகவே உருகினால் முளை முன்னதாகவே வந்து, பின்னால் வரும் உறைபனியில் சிக்குகிறது. கோடை முந்தி வந்தால் இலை வாழும் வாரங்கள் குறைந்து குமிழம் சிறுக்கிறது. நடு ஆசிய துலிப்களைப் பற்றி 2021இல் வெளிவந்த ஆய்வு, காலநிலை மாற்றத்தால் பல இனங்களின் ஏற்ற வாழிடம் சுருங்கும் என்று காட்டியது. ஒரு நாடு தனியாகச் செயல்பட்டால் போதாது, நாடுகள் சேர்ந்து காக்க வேண்டும் என்பது அதன் முடிவு. மேலே ஏறினால் தப்பலாமே என்று கேட்கலாம். விதை தாய்ச்செடியின் காலடியில் விழும் செடி, பூக்கப் பல ஆண்டுகள் எடுக்கும் செடி, வெப்பம் ஏறும் வேகத்துக்கு மலையேற முடியாது. கரதாவ் போன்ற தாழ்ந்த மலைகளில் ஏறுவதற்கு உயரமும் அதிகமில்லை.

காப்பகமும் தோட்டமும்

தலாஸ் அலதாவின் சரிவுகளில் 1926இல் அமைக்கப்பட்ட அக்சு-ஜபக்லி இயற்கைக் காப்பகம் நடு ஆசியாவிலேயே பழமையானது. ஏறத்தாழ 1,30,000 ஹெக்டேர் பரப்பில், சுமார் 1,000 மீட்டர் முதல் 4,200 மீட்டர் உயரம் வரை விரிந்திருக்கிறது. யுனெஸ்கோ 2016இல் மூன்று நாடுகளும் பங்கிடும் மேற்குத் தியான் ஷானை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தபோது இந்தக் காப்பகமும் அதில் சேர்ந்தது. ஏப்ரல் இறுதியில் சிவந்த சரிவுகளைப் பார்க்க வெளிநாட்டுப் பயணிகள் ஜபக்லி ஊருக்கு வருகிறார்கள். பறித்து விற்பதைவிடப் பூக்க விட்டுக் காட்டுவதில் ஊருக்கு வருமானம் உண்டு என்பதை இந்தப் பயணங்கள் உணர்த்துகின்றன.

ஆனால் கிரெய்கி துலிப்பின் பழைய பரப்பில் பெரும்பகுதி காப்பகத்துக்குக் கீழே, ஊர்களும் வயல்களும் சாலைகளும் மேய்ச்சலும் உள்ள அடிவாரத்தில் இருக்கிறது. காப்பகம் உச்சிகளை நன்றாகக் காக்கிறது. அடிவாரத்தைக் காக்க வேண்டியவர்கள் அங்கே வாழும் மக்கள்தான்.

தோட்டங்களின் பங்கும் பெரிது. டச்சுத் தோட்டக்காரர்கள் கிரெய்கியை மற்ற இனங்களோடு கலந்து நூற்றுக்கு மேற்பட்ட தோட்ட வகைகளை உருவாக்கியிருக்கிறார்கள். தோட்ட துலிப் வகைகளின் பதிவேட்டில் கிரெய்கிக்கென்றே ஒரு தனிப் பிரிவு உண்டு. குள்ளத் தண்டும் கோடிட்ட இலையும் கொண்ட ரெட் ரைடிங் ஹூட் உலகெங்கும் தொட்டிகளில் பூக்கிறது. காட்டு இனங்களின் மரபணுக்கள் தோட்ட துலிப்புக்கு நோய் எதிர்ப்பையும் தந்திருக்கின்றன. சமர்கண்ட் மலைகளிலிருந்து வந்த ஃபோஸ்டர் துலிப்தான், இதழில் கோடு விழச் செய்து குமிழத்தை நலிவிக்கும் வைரஸைத் தாங்கும் ஆற்றலைத் தன் கலப்பினங்களுக்கு வழங்கியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தாவரவியல் தோட்டம் காட்டு துலிப் இனங்களின் தேசியத் தொகுப்பைப் பேணுகிறது. ஆய்வுக்கும் காப்பீட்டுக்கும் இத்தகைய தொகுப்புகள் வேண்டும்.

ஆனால் அத்தகைய தொகுப்பில் இருப்பவை எண்ணிவிடக்கூடிய சில குமிழங்களே. ஒரு சரிவில் இருப்பது வேறு. தரையை ஒட்டிப் படிந்தவை, நிமிர்ந்தவை, முந்திப் பூப்பவை, பிந்திப் பூப்பவை, சிவப்பு, மஞ்சள் என்று பல்லாயிரம் தனித்தனி உயிர்கள் விதை வழியே கலந்து கலந்து உருவான ஒரு கூட்டம் அது. கிரெய்கியும் காஃப்மன் துலிப்பும் சேர்ந்து வளரும் இடங்களில் இரண்டும் தாமாகவே கலந்து இடைப்பட்ட வடிவங்களைத் தருகின்றன. வெப்பம் ஏறும் நூற்றாண்டில் எந்த வடிவம் தாங்கும் என்று தேர்ந்தெடுக்க இயற்கைக்கு இந்த வகை வகையான கூட்டம் வேண்டும். குமிழத்தைப் பிரித்து நகலாகப் பெருக்கும் தோட்டத்தில் அந்தத் தேர்வு நடக்காது.

ஆகவே கிரெய்கி துலிப்பைக் காக்கும் திட்டம் எதுவானாலும் அதன் அளவுகோல் ஒன்றாகத்தான் இருக்க முடியும்: இந்த வசந்தத்தில் இந்தச் சரிவில் எத்தனை காய்கள் முதிர்ந்து வெடித்தன, எத்தனை ஒற்றை இலைகள் புதிதாக எழுந்தன? மந்தை ஓட்டுபவருக்கும் காப்பக ஊழியருக்கும் ஆய்வாளருக்கும் பொதுவாகப் புரியும் கேள்வி இது. விலை உயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை. சரிவை ஆண்டுதோறும் ஒரே நாளில் நடந்து பார்க்கும் பொறுமையும், ஏப்ரல் முதல் ஜூன் வரை மந்தையை வேறு பக்கம் திருப்பும் ஒப்பந்தமும் போதும். பத்து ஆண்டுகள் விடாமல் இதைச் செய்கிற ஊர், இன்று முளைத்த விதையின் முதல் பூவைப் பார்த்துவிடும். அந்தப் பத்து ஆண்டுப் பொறுப்பை ஏற்காத எந்தப் பாதுகாப்பும் இந்தப் பூவைப் பொறுத்தவரை பாதுகாப்பாகாது.